கரண்ட் வந்த பிறகு

கச்சான் ஏறினால் வாலிநோக்கத்தில்
முதலில் வெளுப்பது கம்பத்துப் பீங்கான்.
கடல் துப்பிய உப்பு அதில் தோல்தோலாய்ப் படியும்.
பின்னிரவு ஈரம் பட்டதும் சடசடவெனப் பொறிந்து
ஊர் ஒரே மூச்சில் அணையும்.

ஆசியா மரியம் வீட்டுச் சாவி என்னிடம்.
அவர் தோகாவில்.
வாசலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று,
கொல்லைக் கதவுக்கு ஒன்று,
கிணற்றைப் பார்த்து ஒன்று.
நாலு கேமராவும் நான் மாட்டியதுதான்.

கரண்ட் போவதில் தொல்லை இல்லை,
வருவதில்தான்.
கேமரா இருபது நொடியில் கண் விழித்துவிடும்.
ரவுட்டருக்கு மூன்று நிமிடம் வேண்டும்,
நைட் ஷிப்ட் முடித்தவனை எழுப்புகிற மாதிரி.
அதற்குள் கேமரா பேர் சொல்லிக் கூப்பிடும்,
இன்னொரு தரம் கூப்பிடும்,
பதில் இல்லையென்றால் விட்டுவிடும்.
அப்புறம் ரவுட்டர் எழுந்து உட்கார்ந்து
பச்சைப் பச்சையாய்ச் சிரித்தாலும்
திரும்பிப் பார்க்காது. அப்படி ஒரு ரோஷம்.
யாராவது போய்ப் பிளக்கைப் பிடுங்கி
பத்து எண்ணி
மறுபடி செருக வேண்டும்.
அந்த யாராவது நான்.

நாற்பது நிமிடம் போன கரண்டுக்கு
இரண்டு நாள் குருடாய்க் கிடந்திருக்கிறது அந்த வீடு.
கடையில் ஆள் இல்லை என்பேன்.
வண்டி பஞ்சர் என்பேன்.
சாயல்குடியில் கல்யாண வீட்டுக்கு
சீரியல் லைட் போடுகிறேன் என்பேன்.

சொல்லாதது இது:
எங்கள் தெருக் குழாயில் பன்னிரண்டு நாளாய்க் காற்று.
லாரி வந்தால் குடம் பதினைந்து ரூபாய்.
போர் போட்ட வீட்டிலும் சோப்பு நுரைக்காத தண்ணீர்.
பூட்டிய வீட்டுக் கிணறு மட்டும்
மணல்மேட்டு ஓரமாய், எட்டு முழத்தில்,
எப்படியோ இனித்துக் கிடந்தது.
தெரு இருண்டதும் ஆபிதா வருவாள்,
பின்னால் ஹமீதாள், லூர்து,
லூர்துவின் பையன் இரண்டு குடத்தோடு.
கொல்லைச் சுவர் இடுப்பளவுதான்.

"கிணத்துக் கயிறு ஏன் நனைஞ்சிருக்கு?"
நான் செருகியதும் வந்த முதல் படத்தைப் பார்த்துக் கேட்டார்.
"கடக்காத்து ஈரம், லாத்தா."
கொஞ்ச நேரம் போனில் தோகா ஏசி மட்டும் ஓடியது.

மறுவாரம் பணம் அனுப்பினார்.
ரவுட்டருக்கு மட்டும் சின்ன பேட்டரி போதுமாம்,
அது தூங்காமல் இருந்தால்
கேமரா எழுந்த கையோடு பிடித்துக்கொள்ளுமாம்,
அங்கே யாரோ சொன்னார்களாம்.
எனக்கும் தெரியும்.
மாட்டிய அன்றே தெரியும்.

சோப்புப் பெட்டி அளவு, உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி.
இரண்டு திருகாணியில் சுவரில் வைத்துவிட்டு வந்தேன்.
தெருவில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை இரவு போனது,
ஒன்றரை மணிக்கு வந்தது.
என் போனில் நாலு கட்டமும் டக்கென்று திறந்தன.
நாலாவதில் ஆபிதா.
பாதிக் கிணற்றில் வாளி, கையில் கயிறு,
தலைக்கு மேல் திடீர் பல்பு.
விட்டால் வாளி போய்விடும்,
இழுத்தால் மாட்டிக்கொள்வாள்.
நிமிர்ந்து கேமராவையே பார்த்தாள்.
பிறகு இழுத்தாள்.

தோகாவில் மணி பதினொன்று.
போன் அடித்தது.
சாவியை எங்கே வைத்துவிட்டுப் போகச் சொல்வார் என்று
எடுப்பதற்குள் யோசித்துவிட்டேன்.

"வாளி ஓட்டை," என்றார்.
"பாதித் தண்ணி கிணத்துக்கே திரும்பிப் போகுது.
ஒண்ணு வாங்கிப் போடு.
கயிறும் பிரிஞ்சிருக்கு."
வைத்துவிட்டார்.

ஏர்வாடியில் வாங்கினேன், நீல வாளி,
இருபது முழம் நைலான் கயிறு.
பில்லை அனுப்பும்போது
கேமரா செலவு என்று எழுதினேன்.

ஆபிதாவிடமும் சொல்லிவிட்டேன்,
பகலிலேயே வரலாம் என்று.
தலையாட்டினாள்.
இன்னமும் கரண்ட் போனால்தான் வருகிறார்கள்.